பின்சீட்டில் ஒரு குடம் தண்ணீர்

காரில் பின்சீட்டில் உட்கார எனக்கு இன்றைக்கும் பயம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போக மகன் காரை எடுத்தால், நான் ரயிலிலேயே வந்துவிடுகிறேன் என்பேன். பிள்ளைகள் சிரிக்கும். காரணத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரிகளைப் பழுது பார்ப்பவர். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், சாமான்களைப் பெட்டிகளில் வரவழைத்து நாமே பூட்டிக்கொள்கிற கார் ஒன்றைக் கட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். போகும்போது அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். படகு மாதிரி வழவழப்பான உடம்பு. எஞ்சின் இருந்தது, சக்கரங்கள் இருந்தன. பின்பக்கத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் மட்டும் இல்லை.

அதை வைத்துத்தான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். மாமா அம்மாவுக்குத் தம்பி, கிள்ளானில் பழைய இரும்புக் கடையில் வேலை. லோரிக்குப் போடுகிற பட்டை ஸ்பிரிங்கை, இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியதை, கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அப்பாவுக்கோ சுருள் ஸ்பிரிங்தான் மனசில் இருந்தது.

“மச்சான், பட்டைன்னா அச்சையும் சேத்துப் புடிச்சுக்கும். சுருளு சும்மா மேல கீழ குதிக்கும், அவ்ளோதான். அச்சு நகராம இருக்கக் கம்பி வெச்சுக் கட்டணும். அந்தக் கம்பி அறுந்துச்சுன்னா சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் லா!”

மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

அப்பா முதலில் பட்டையையே பூட்டினார். பிறகு அம்மாவின் பித்தளைக் குடத்தில் கழுத்துவரை தண்ணீர் பிடித்து, பின்சீட்டில் சும்மாட்டின்மேல் வைத்து, சாயாமல் பிடித்துக்கொள்ள என்னைப் பக்கத்தில் உட்கார்த்தினார்.

“என்னா மச்சான், கல்யாணப் பொண்ணு கணக்கா குடத்த உக்கார வெச்சிருக்கீங்க! மாலை வாங்கியாரவா?” என்றார் மாமா.

அப்பா சிரிக்காமல் வண்டியைக் கிளப்பினார்.

தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற செம்மண் பாதை முழுக்கக் குழி. முதல் குழியிலேயே தண்ணீர் எகிறி என் முகத்தில் அடித்தது. திரும்பி வந்தபோது நான் தொப்பலாக நனைந்திருந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“எவ்வளவு சிந்துச்சு?”

“பாதிக்கு மேலம்மா.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயடியில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் ஆயிற்றே, அதனால் கோபம் என்று நினைத்தேன். அந்த நாட்களில் அம்மாவின் வயிறு பெருத்திருந்தது. சோறு நன்றாகச் சாப்பிடுகிறாள் போல என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன். அதற்கு முந்திய வருஷமும் அப்படித்தான் பெருத்திருந்தது. வயிற்றுவலி என்று தோட்டத்து லோரியில் அதே பாதை வழியாகக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனவள், வயிறு வற்றி, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்ட என்னை அத்தை வெளியே போய் விளையாடச் சொன்னார்.

அப்பா பட்டையைக் கழற்றிப் போட்டார். மாமா முணுமுணுத்துக்கொண்டே சுருள் ஸ்பிரிங் தேடிக் கொண்டுவந்தார். அச்சைப் பிடிக்கிற கம்பியை அப்பாவே பற்றவைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்ப்பேன். என் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை. முனீஸ்வரனிடம் போய், அது அறுந்தால் அப்பா மட்டுமாவது பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதோ கவிழப்போகிறது என்று குடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கால்வாய் ஓரத்து வளைவில் எனக்கு அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம்.

“அப்பா! கம்பி!”

வண்டியை நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்துவிட்டு, சீட்டுக்குக் கீழே கையை விட்டார். உருண்டு கிடந்த ஸ்பேனர் ஒன்று வந்தது.

“கம்பிக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. குடத்தப் பாரு.”

நான் குடத்தைக் கட்டிக்கொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குடத்தைத்தான் பார்த்தார். அது எனக்கு வெகுநாள் ஆறவில்லை.

வீட்டு வாசலில் அம்மா அதே கேள்வியைக் கேட்டாள். சிந்தவில்லை என்றேன். நம்பாமல் காருக்குள் குனிந்து, குடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் கழுத்திலேயே நின்றது. அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அம்மாவுக்கும் கம்பிப் பயம்தான் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “அழாதம்மா. ஒன்ன அந்தக் காடியில ஏத்த வேணாம்னு நான் அப்பாகிட்டச் சொல்றேன்” என்றேன். அழுகையோடு அழுகையாக என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள்.

மறு மாதம் அப்பா அம்மாவைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கிள்ளானுக்கு ஓட்டிப்போனார். திரும்பும்போது மடியில் தம்பி இருந்தான்.

வாசலில் நின்று அம்மா கேட்டது தண்ணீரைப் பற்றி இல்லை. எனக்கே வயிற்றில் ஒன்று தங்கி, மேடு பள்ளம் பார்த்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அது புரிந்தது.