பண்ணையார் கட்டாத குடில்கள்

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எங்கள் பழைய பண்ணை வீட்டைப் பார்த்துவந்த பேத்தி கேட்டாள்: "அப்பாயி, கூலியாளுங்களுக்கெல்லாம் பண்ணையார்தான் ஓட்டு வீடு கட்டிக் குடுத்தாராமே? போர்டுல போட்டிருக்கு." தை அறுவடை முடிந்த சனிக்கிழமை, அவளை மறுபடி அங்கேயே இழுத்துக்கொண்டு போனேன்.

மன்னார்குடியில் காலை எட்டு மணிக்குத் திருத்துறைப்பூண்டி பஸ். முக்கால் மணி நேரத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள், நடந்தோம். நுழைவு ஆளுக்கு நூறு.

பண்ணை வீடு இப்போது லாட்ஜ். தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், மேலே மச்சு. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தப் பண்ணைக் களத்தில் கூலியாள் மகளாகப் பிறந்து வளர்ந்த நான், தூண்களை டிக்கெட் வாங்கித்தான் முதன்முதலில் பார்த்தேன்.

கொல்லையில் 'தொழிலாளர் குடில்' என்று காட்சிக்குக் கட்டிய வீடுகள் நான்கு. செங்கல் சுவர், ஓடு, ஜன்னல், வாசலில் தென்னை. கூலியாட்களுக்குப் பண்ணையார் இப்படித்தான் கட்டிக் கொடுத்தார் என்கிறது பலகை.

எங்கள் குடிசைக்குச் செங்கல் வைக்கக் கூடாது, தென்னை நடக் கூடாது. இரண்டும் நின்றால் மனையில் பாத்தியதை வந்துவிடுமாம். அம்மா நட்ட ஒரே தென்னம்பிள்ளையைப் பண்ணைக் காரியக்காரர் பிடுங்கி வாய்க்காலில் வீசினார். அவர் செத்துவிட்டார், அதற்காக நான் மன்னிக்க வேண்டுமா? எங்கள் ஆட்கள் கொடி பிடித்து அடி வாங்கி, குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் வந்த பிறகுதான் அப்பா முதல் செங்கலை வைத்தார்.

மேனேஜரிடம் போனேன். "பலகைய எடுங்க தம்பி."

"கம்பெனி வச்சதும்மா. கெஸ்ட்டுங்களுக்குப் பாக்க நல்லா இருக்கணும்ல."

"எங்கப்பன் வச்ச செங்கல்லுக்கு உங்க பண்ணையார் பேரா?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் ஈரோட்டுக்காரன்."

"தெரியாதவன் எழுதுனா இப்படித்தான் இருக்கும்."

வேலிக் குச்சி ஒன்றை ஒடித்து, குடிலுக்கு எதிரே மண்ணில் கட்டம் போட்டேன். எட்டடிக்கு ஆறடி. "இதான் அப்ப எங்க வீடு." பேத்தி உள்ளே உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள்.

"எத்தன பேரு அப்பாயி?"

"ஏழு பேரு. மழ பேஞ்சா ஆடும் உள்ள."

அவள் எழுந்தாள். கேமராவோடு வந்த இருவரிடம் போய், "அந்த போர்டு பொய்ங்க, இங்க வந்து பாருங்க" என்றாள்.

தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை இல்லை. வெள்ளிக்கிழமை பார்வையாளருக்கு மூடியிருக்கும். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் காவலாளி கட்டத்தைக் கூட்டி அழித்துவிட்டார். அதனால் கையில் ஒரு குச்சி எடுத்துப் போங்கள். எட்டுக்கு ஆறு. போட்டுவிட்டு, அதற்குள் நின்று பலகையைப் படியுங்கள்.