ஆலங்கரட்டுத் தண்ணீர்

1942 புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் அமிர்தலிங்கம் எங்கள் பக்கத்தை விட்டுப் போனார். இரண்டு வருஷமாகப் பெரம்பலூர் பங்களாவில் கிடந்த மைக்ராஸ்கோப்பையும் கண்ணாடிக் குப்பிகளையும் ஒரு தகரப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, பட்டணத்து மருத்துவக் கல்லூரியின் லாரி அரியலூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. யுத்தத்துக்கு டாக்டர்கள் வேண்டுமென்று அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். பூவரசங்குழிக்குத் திரும்பும் முக்கில் என் சித்தி சின்னம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். லாரியும் நின்றது.

"பொட்டிய பத்தரமா கொண்டு போங்க சார். எங்க கெணறு அதுலதான் இருக்குது."

"மேலிடத்துல சொல்லிட்டுத்தான்மா யுத்தத்துக்குப் போவேன்" என்றார் டாக்டர்.

லாரி போன பிறகும் புழுதி அடங்கும்வரை சித்தி அங்கேயே நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பின் நர்ஸ் வேலைக்குப் படித்து, நாக்பூர், கல்கத்தா, கராச்சி என்று அலைந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தங்கியதில்லை. ஆனால் எங்கே போய் இறங்கினாலும், யாராவது முதல் டம்ளர் தண்ணீரை நீட்டும்போது, அந்தக் குடமும் அதைப் பிடித்திருந்த கையும் நினைவுக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் சித்திரை பிறந்தால் எங்கள் ஊர்களில் நரம்புச் சிலந்தி வந்துவிடும். பாதத்திலோ கெண்டைக்காலிலோ கொப்புளம் கிளம்பி நெருப்பாய் எரியும். உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி புழு தலையை நீட்டும். அதை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் பனங்காயாக வீங்கும். கடலைக்கு உழுகிற நேரத்தில் வீட்டுக்கு ஒருவராவது படுத்துக் கிடப்பார்.

புழு தண்ணீரில்தான் வருகிறது என்று டாக்டர் சொன்னார். படி இறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணற்றில் எரிகிற காலை நனைத்தால் புழு குஞ்சு விடுமாம். அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு அடுத்த வருஷம் காலில் கிளம்புமாம். இதை நிரூபிக்க அவர் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். ஆலங்கரட்டில் கிணற்றுப் படியை அடைத்து, சுவர் எழுப்பி, மேலிருந்தே கயிறு விட்டு இறைக்கக் கப்பி போட்டார். பூவரசங்குழிக் கிணற்றை அப்படியே விட்டார்.

சித்தி பிறந்தது ஆலங்கரட்டில், வாழ்க்கைப்பட்டது பூவரசங்குழியில். அவள் டாக்டரிடம் நேரே கேட்டாள்.

"அந்த ஊரு காலுக்கு செவுரு கட்டுறீங்க. எங்க ஊரு காலு என்ன பாவம் பண்ணுச்சு சார்?"

"ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டா எதோட எதை ஒத்துப் பாக்கறதும்மா? ரெண்டு வருசம் பொறுத்துக்குங்க. அங்க கொறைஞ்சு இங்க கொறையலன்னா, ஜில்லா போர்டு எல்லா ஊருக்கும் கட்டித் தரும்."

சித்தி தலையாட்டிவிட்டு வந்தாள். மறுநாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக ஆலங்கரட்டுக்கு நடந்தாள். பூவரசங்குழி மருமகள்களில் பாதிப் பேர் அவள் ஊர்க்காரிகள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தியாக அவர்களும் போக ஆரம்பித்தார்கள். மாமியார்களிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். அந்தக் கோடையில் ஆலங்கரட்டு அம்மாக்கள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் உடம்புக்கு முடியாமல் போயிற்று.

"ஒங்க ஊருல என்னடி, பேதி கீதி கண்டிருக்கா?" என்று கேட்டாள் சித்தியின் மாமியார் பொன்னாயி.

"வயசாவுதில்ல அத்தே."

"எனக்குந்தான் வயசாவுது. எவ வந்து பாக்கறா?"

உள்ளூர்க் கிணற்றிலிருந்தும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு வருவார்கள், பாத்திரம் கழுவ. குடிக்கிற பானையில் ஆலங்கரட்டுத் தண்ணீர். பூவரசங்குழிக் கிணறு பொன்னாயியின் மாமனார் வெட்டியது. மருமகள்கள் அதை ஒதுக்கினார்கள் என்று தெரிந்தால் சும்மா விடமாட்டாள். அதனால் வாயைத் திறக்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள்.

1942 ஆடியில் டாக்டர் ஊரைக் கூட்டினார். பிள்ளையார் கோயில் வாசலில் ஆண்களும் மாமியார்களும் உட்கார்ந்திருக்க, மருமகள்கள் ஓரமாக நின்றார்கள். பள்ளிக்கூட லீவுக்குச் சித்தி வீட்டுக்கு வந்திருந்த நானும் நின்றேன். டாக்டரின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஆலங்கரட்டுல நோய் நல்லா கொறைஞ்சிருக்கு. ஆனா இங்கயும் பாதிக்குப் பாதி கொறைஞ்சிருக்கு. அப்ப செவுரு கட்டினதாலதான் கொறைஞ்சுதுன்னு நான் எப்படிச் சொல்றது? மழையாலன்னு சொல்லுவாங்க, காத்தாலன்னு சொல்லுவாங்க. இதை வச்சுக்கிட்டு போர்டுல போயி நின்னா ஒரு ஊருக்கும் கெணறு கெடைக்காது."

பொன்னாயி எழுந்தாள். "எங்க மாமனாரு வெட்டுன கெணறுங்க. இந்த வருசம் என் காலுல ஒண்ணுகூட கெளம்பல. தண்ணி அப்படி இனிக்குது. அதுக்குச் செவுரு எதுக்கு?"

மருமகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமலவேணி என்ற சின்னப் பெண் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சித்தி அதை விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாங்க இந்தத் தண்ணிய குடிக்கலீங்க சார்."

பொன்னாயி சித்தியின் பக்கம் திரும்பிக் கேட்டாள். "எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா அத்தே. எங்க ஊருலேருந்து கொண்டாரேன்."

"எனக்கு?"

"ஒங்களுக்கும் அதான்."

"அப்ப நான் இனிக்குது இனிக்குதுன்னு சொன்னது?"

"ஆலங்கரட்டுத் தண்ணிதான் அத்தே."

ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்துவிட்டார். பொன்னாயி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு வருஷ உழைப்பு வரப்பு வழியே குடம் குடமாகப் போயிருந்தது. கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார்.

"எல்லா வூட்டுலயுமா?"

"இல்லீங்க. எங்க ஊருப் பொண்ணு இருக்கற வூட்டுல மட்டும்."

அவர் முகம் மாறியது. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே காற்று. அந்தத் தண்ணீர் குடித்த வீடு எது, குடிக்காத வீடு எது என்று பிரித்துப் பார்த்தால் போதும். ஆனால் சித்தி ஒருத்தி சொன்னதை வைத்து எழுத முடியாது, ஒவ்வொருத்தியும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

ஆவணி முழுக்க சித்தி அவருடைய உதவியாளர் காசிநாதனோடு வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று கேட்டால் "நாங்க உள்ளூர்த் தண்ணிதான்" என்று சத்தமாகப் பதில் வரும். கொல்லைப்புறம் போனால் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டே உண்மையைச் சொல்வார்கள். கமலவேணி மட்டும் கடைசிவரை பயந்தாள்.

"என்னைய தொரத்தி வுட்டுடுவாங்கக்கா."

"எங்கடி தொரத்துவாங்க? ஆலங்கரட்டுக்குத்தான? அங்க கப்பி போட்ட கெணறு இருக்குது, போயி நிம்மதியா குடி."

கமலவேணி சிரித்துவிட்டாள். சொல்லியும் விட்டாள்.

அந்தக் காகிதங்கள் இருந்த தகரப் பெட்டியோடுதான் லாரி போனது.

பொன்னாயி சித்தியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தனக்கென்று ஒரு பானை வைத்து, தானே படியிறங்கி உள்ளூர்த் தண்ணீரை மொண்டு வந்து குடித்தாள். அவ்வளவு ரோஷம். அடுத்த சித்திரையில் பரணையிலிருந்து எதையோ எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலுக்கு மேலே கொப்புளம். சித்திதான் ஈர்க்குச்சியில் சுற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பொன்னாயி, அத்தனை மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"எங்க மாமனாரு வெட்டுனது. தண்ணி நல்ல தண்ணிதான். புழுதான் கெட்டது."

"ஆமா அத்தே."

"மெதுவா இழுடி. ஒன் கோவத்தையெல்லாம் அதுல காட்டாத."

அன்றைக்கே அந்தப் பானை கவிழ்ந்தது. அதற்குப் பின் தபால்காரர் வரும்போதெல்லாம் "பட்டணத்துலேருந்து எதாச்சும் உண்டா?" என்று முதலில் கேட்பவள் பொன்னாயிதான். யுத்தம் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. டாக்டர் பர்மாவில் போய்விட்டார் என்றுகூட யாரோ சொன்னார்கள். சித்தி அதைக் காதில் வாங்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். தினம் அந்த நடை. பேறுகாலத்துக்கு முந்தின வாரம்கூட அவள் நடந்ததாக அம்மா எனக்கு எழுதியிருந்தாள். கராச்சியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதைப் படித்தபோது, வேலையை விட்டுவிட்டு அந்த வரப்பில் அவள் பின்னால் போக வேண்டும்போல் இருந்தது.

நான் திரும்பி வந்தது 1948இல். வந்த மறு வாரம் சித்தியைப் பார்க்கப் போனேன். நடையில் வேகம் குறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வா, நீயும் ஒரு கொடம் தூக்கு" என்றாள். குசலம் விசாரித்ததெல்லாம் வரப்பில்தான். கடலைப்பூ வாசனை, கப்பி முனகுகிற சத்தம், குடம் நிறையும்போது சித்தி கால் மாற்றி நிற்கிற விதம், எல்லாம் நான் விட்டுப்போனபடி இருந்தன.

அந்த மாதக் கடைசியில் கார்டு வந்தது, சித்தியின் பெயருக்கு. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். பொன்னாயி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். நான் படித்தேன்:

"சின்னம்மாள் அவர்களுக்கு, அமிர்தலிங்கம் எழுதுவது. மிகவும் தாமதம், மன்னிக்கவும். உங்கள் ஊர் வீடுகளின் விவரத்தைக் கல்லூரி ஒப்புக்கொண்டது. போர்டும் இப்போதுதான் ஒப்புக்கொண்டது. பூவரசங்குழியோடு சேர்த்துப் பன்னிரண்டு கிணறுகளுக்கு உத்தரவாகியிருக்கிறது. தை மாதம் கொத்தனார்கள் வருவார்கள். வேலை முடியும்வரை குடிக்கத் தண்ணீர் எங்கே எடுப்பது என்று போர்டுக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்."