இடப்பக்கப் பஞ்சு

சாயங்காலத்துக்குள் குதிரை துள்ளுவதை நிறுத்தாவிட்டால் விற்றுவிடுவதாக லாயக்காரர் சொல்லிவிட்டார். சேணம் இடப்பக்கம் சரிகிறதென்று மூன்று வாரமாக அந்தப் பக்கமே பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார் சேணம் தைப்பவர்.

"இன்னும் கொஞ்சம் அடைங்கப்பா," என்றபடி குதிரையிலிருந்து இறங்கினாள் அவர் மகள்.

அவர் சேணத்தைக் கழற்றினார். வியர்த்து நனைந்த முதுகில், பஞ்சு அழுத்திய இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வியர்வையே வராமல் காய்ந்திருந்தது. விரல் பட்டதும் குதிரை வலியில் நடுங்கியது.

"சேணத்துல ஒண்ணுமில்லம்மா. விழுந்து முறிஞ்சதுலேர்ந்து உன் இடது கால் குட்டை. நீதான் சாயுற. அந்தப் பக்கம் கால் வைக்குற மிதிவளையத்தோட வாரை ரெண்டு துளை ஏத்தியிருந்தா போதும்."

"தெரிஞ்சேவா பஞ்சை அடைச்சீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

"அதுக்கு இந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் தையலைப் பிரித்துப் பஞ்சைப் பிடுங்கினார். முதுகு ஆற வாரக்கணக்காகும். வாசலில் குதிரையை ஏற்றிப்போகும் வண்டி வந்து நின்றது.