கப்பலுக்கும் அப்டேட் போட்டேன்

கம்பத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவனுக்கு வாய்தான் மூலதனம். திராட்சை லோடு ஏறியதிலிருந்து எர்ணாகுளம் மார்க்கெட்டில் இறங்கும் வரை, "வண்டி குமுளி ஏறிருச்சு, முண்டக்கயம் தாண்டிருச்சு" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போடாதவனை வியாபாரிகள் நம்ப மாட்டார்கள். பல வருடமாகப் போட்டுப் பழகிய கை என் கை.

தங்கையின் கணவர் சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறார். கப்பலின் பெயரைத் தட்டினால் அது கடலில் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை யாரோ சொன்னார்கள். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தினமும் காலையில் அதைப் படம் பிடித்து, "நம்ம மாப்பிள்ளை கப்பல் இப்ப இங்கன" என்று லாரிக் குழுவில் போட்டேன். முந்நூறு பேர் பார்த்தார்கள், பாதிப் பேர் கும்பிடு போட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரு தடவை கால் நனைத்ததோடு சரி, அதற்குள் பெரிய கப்பல்காரன் ஆகிவிட்டேன்.

செங்கடலை நெருங்கும்போது ஒருநாள் ஆப்பில் கப்பலைக் காட்டும் அம்புக்குறி நகரவில்லை. அந்தப் பக்கம் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம். பதறிப்போய்ப் பழனிசெட்டிபட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"பயப்படாதண்ணே. அவுக போன்ல பேசுனாக. சிக்னல அவுகளேதான் அணைச்சிருக்காக, எங்க இருக்காகன்னு எவனுக்கும் தெரியக் கூடாதுன்னு. வியாழக்கிழமதான் அந்த எடத்தத் தாண்டுவாக. இஞ்சின்ல கோளாறாம், மெதுவாத்தான் போகுதாம். யார்ட்டயும் சொல்லிறாத."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆபீசுக்கு வந்து பார்த்தால், "என்னண்ணே, கப்பல் அப்டேட்டக் காணோம்?" என்று குழுவில் நாலு பேர் கேட்டிருந்தார்கள். போட்டுவிட்டேன். சிக்னலை அணைத்ததை, இஞ்சின் கோளாறை, வியாழக்கிழமையை, எல்லாவற்றையும். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

யார் யாருக்கு அனுப்பினார்களோ, அது மலை தாண்டி, கப்பலில் வேலை பார்ப்பவர்களின் குழுக்களுக்குப் போய், மறுநாளே கப்பல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. கேப்டன் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். தங்கைக்குத் தகவல் நின்றுபோனது. வியாழக்கிழமை முழுக்க அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் அவள் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே போக வெட்கமாக இருந்தது. குழுவில் போட்டதை அழித்திருந்தேன், அதனால் என்ன பிரயோஜனம்?

கப்பல் தப்பித்தது. அது என் புண்ணியம் இல்லை.

வெள்ளிக்கிழமை போன் கைக்கு வந்ததும் மாப்பிள்ளையே கூப்பிட்டார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அது லாரி லோடு இல்ல மச்சான். அதுல நாங்க இருபது பேரு இருந்தோம்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லீவு முடிந்து இப்போது மறுபடியும் கடலுக்குப் போயிருக்கிறார். போன வாரம் தங்கையிடம், "மாப்ள எந்தப் பக்கம் போறாகளாம்?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியலண்ணே," என்றாள், என்னைப் பார்க்காமல். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்ல வராது. எனக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.