கரிசலில் விரித்த வெள்ளைத் துணி

கோவில்பட்டியில் என் தொழிலைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "கோயில் கொடைக்கு சீரியல் லைட்டு செட்டு போடுதவங்களாம்மா நீங்க?" என்பதுதான். இல்லை என்பேன். கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் எந்த வழியாக வர வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு எந்த விளக்கு எங்கே எரிய வேண்டும் என்று திட்டமிட்டுக் கொடுப்பது என் வேலை. சென்னையில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தேன். பைபாஸ் பக்கத்தில் மாடியில் ஓர் அறை பிடித்துத் தனியாகத் தொழில் செய்கிறேன். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வேலை வருகிறது. ஒவ்வொரு பெரிய வேலை முடிந்ததும் வெளிநாடு போய்விடுவேன். மற்றவர்கள் கடலும் மலையும் பார்க்கப் போகிறார்கள். நான் வெளிச்சம் பார்க்கப் போகிறேன்.

கோபன்ஹேகனுக்குக் குளிர்காலத்தில் போனேன். மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. நான் தங்கியிருந்த வீட்டுக் கூடத்தில் மேலே விளக்கே கிடையாது. மேசைக்கு மேல் தாழ ஒன்று, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று, சன்னலோரம் ஒன்று, அவ்வளவுதான். அந்த வீட்டு அம்மா எந்த நாற்காலியில் உட்காருகிறாரோ அங்கே மட்டும் விளக்கைப் போடுவார், எழுந்தால் அணைப்பார். இஸ்தான்புல்லில் ஒரு பெரிய பள்ளிவாசலில் கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. விளக்குகளையோ ஆள் தலைக்குச் சற்று மேலே வரை இறக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் இருட்டு, எதிரே பார்த்தால் மனித முகங்கள். வெளிச்சம் ஆளுக்குத்தான், சுவருக்கும் கூரைக்கும் அல்ல என்பதில் எனக்கு அதன் பிறகு சந்தேகமே வந்ததில்லை.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த எனக்குச் சொந்த ஊரில் முதல் வேலை தந்தவர் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. மூன்று தலைமுறையாக பஜாரில் துணி விற்கும் முஸ்லிம் குடும்பம். வீட்டில் கூட்டமும் டிவி சத்தமுமாக இருந்ததால், அவர் மகள் கடையின் சரக்கு அறையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துத்தான் அரசாங்கப் பரீட்சை தேறினாள். அப்படி எத்தனை பிள்ளைகள் இடமில்லாமல் திண்டாடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எட்டயபுரம் சாலையில் இருந்த தன் நிலத்தில் பெண்களுக்கு ஒரு படிப்பகம் கட்டத் தீர்மானித்தார்.

"வெயில் உள்ள வரக்கூடாது. வெளிச்சம் வரணும். ரெண்டையும் பிரிச்சுத் தருவியாம்மா?" என்று கேட்டார்.

"தருவேன் அண்ணாச்சி" என்றேன்.

நம் ஊர் வெயிலைத் தடுக்க அகலமான இறவாரம்தான் வழி. கூரையைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டி, அதன் அடியில் வரிசையாகச் சன்னல்கள் வைத்து வரைந்தேன். முழு அளவில் செய்து பார்க்காமல் நான் எதையும் கட்ட விடுவதில்லை. மூங்கிலும் தகரமும் அட்டையும் வைத்து, அந்த நிலத்திலேயே ஓர் அறையின் அளவுக்கு ஒரு கொட்டகை போட்டோம். உள்பக்கக் கூரைக்கு வெள்ளை அடித்தோம். முற்பகல் வெயிலில் நானும் அண்ணாச்சியும் உள்ளே போய் நின்றோம்.

அவர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார். "நல்லா குளுகுளுன்னு இருக்கும்மா. படுத்துத் தூங்கலாம். படிக்க முடியாது."

உண்மைதான். அட்டைக்கூரை மங்கிக் கிடந்தது. வெளிச்சம் அளக்கும் கருவியும் அவர் பக்கமே பேசியது. எனக்கு ஏமாற்றம் இருந்தது, பயம் இல்லை. இதைக் கண்டுபிடிக்கத்தானே கொட்டகை போட்டது. ஆனால் காரணம் புரியவில்லை. இதைவிட அகலமான இறவாரத்தின் அடியில் விளக்கில்லாமல் படிக்கிற ஊர்கள் உண்டு என்று படங்களில் பார்த்திருந்தேன். ஜப்பான் பயணத்துக்கு ஏற்கெனவே சீட்டு எடுத்திருந்தேன்.

"போயிட்டு வா. நம்ம கொட்டகைக்கு அங்கன மருந்து கெடைக்கான்னு பாரு" என்று அனுப்பிவைத்தார்.

கியோட்டோவில் ஒரு பழைய கோயில் மண்டபத்துக்குத் தினமும் காலையில் போய் உட்கார்ந்தேன். இறவாரம் என்னுடையதைவிட அகலம், கூரை மரத்தால் ஆனது, விளக்கு கிடையாது. மடியில் இருந்த புத்தகத்தின் அடிக்குறிப்பைக்கூடச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தது. எதிரே வெள்ளைச் சரளை பரப்பிய முற்றம். எல்லோரும் போல நானும் அதை அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இறவாரத்தைப் பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். சரளையில் தூசி விழாமலிருக்க, முற்றத்தின் பாதிக்கு நீலத் தார்ப்பாயை விரித்தார்கள். நான் குனிந்து படித்துக்கொண்டிருந்தவள், பக்கம் மங்குவதை உணர்ந்து நிமிர்ந்தேன். வானத்தில் மேகம் இல்லை. தலைக்கு மேலே கூரையில், தார்ப்பாய் விரித்த பக்கம் மட்டும் இருண்டிருந்தது. மறுபக்கம் முன்போலவே ஒளிர்ந்தது.

எழுந்து நின்றுவிட்டேன். அந்த மண்டபத்துக்கு வெளிச்சம் வானத்திலிருந்து நேரே வரவில்லை. வெயில் வெள்ளைத் தரையில் பட்டு, இறவாரத்துக்கு அடியில் புகுந்து, கூரைக்கு ஏறி, அங்கிருந்து என் புத்தகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தரையோ கரிசல். மேலே விழும் வெயிலை அப்படியே குடித்துவிடும் கறுப்பு மண். பிறந்ததிலிருந்து மிதித்து நடக்கும் மண்ணைப் பற்றி இவ்வளவு தூரம் வந்துதான் இது தெரிந்தது. அதில் எனக்கு வெட்கமில்லை, சிரிப்புத்தான் வந்தது.

வெளியே வந்ததும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "கடையில வெள்ளைத் துணி எவ்வளவு இருக்கும் அண்ணாச்சி?"

"ஏம்மா, அங்கன வேட்டி கட்ட ஆள் புடிச்சிட்டியா?" என்றார்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே நிலத்துக்குப் போனோம். பருத்தி எடுத்து முடிந்த சமயம், மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கடை ஆட்கள் இரண்டு பேர் வெள்ளை மல் துணியைப் பிரித்துக் கொட்டகைக்கு முன்னால் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஓரங்களில் கல் வைத்தார்கள். அண்ணாச்சியின் வீட்டம்மாவும் வந்திருந்தார். மதினி என்றுதான் நான் கூப்பிடுவேன்.

"வெளுத்த துணியக் கொண்டுவந்து கரிசல்ல போடுதியளே, இத இனி எவன் வாங்குவான்?" என்று கணவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி, கொஞ்சம் உள்ள வந்து பாருங்க" என்றேன்.

மூவரும் உள்ளே நுழைந்தோம். அட்டைக்கூரை முழுக்க வெளிச்சம் பரவியிருந்தது. மூலையில் கிடந்த கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது. மதினி கைப்பையிலிருந்து அண்ணாச்சியின் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து, அதன் பின்புறத்துப் பொடி எழுத்தைப் பார்த்தார்.

"இது போன மாசமே தேதி முடிஞ்ச மாத்திரையில்லா. இதையா தின்னுட்டு இருக்கிய?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "போதும்மா. கட்டிருவோம்."

பிறகும் சிக்கல்கள் வந்தன. வெள்ளைத் தரை படிக்கிறவர் கண்ணைக் கூசவைக்கும். அதனால் உட்கார்ந்தால் தரை தெரியாத உயரத்துக்குச் சன்னல்களை ஏற்றினேன். மேலே ஏறும் வெளிச்சத்துக்கு அது தடையில்லை. துணிக்குப் பதில் வெள்ளைக் கல் பாவலாம் என்றால், மழை பெய்தால் கரிசல் அதை விழுங்கிவிடும் என்றார் இன்ஜினீயர். அவர் சொன்னபடி முற்றத்துக் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, சரள்மண் நிரப்பி இறுக்கி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பாவினோம். இரவு விளக்குக்குத்தான் அண்ணாச்சியோடு பெரிய வாக்குவாதம். கல்யாண மண்டபம் போல எங்கும் டியூப் லைட் வேண்டும் என்றார். ஆளுக்கு ஒரு மேசை விளக்கு, அவரவரே போட்டு அணைப்பது என்றேன் நான். விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மேசையில் மாட்டிக் காட்டியதும் அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இப்போது கடம்பூரிலிருந்தும் இடைசெவலிலிருந்தும்கூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். சென்ற கோடையில் ஒரு நண்பகல் நான் அங்கே போயிருந்தேன். உள்ளே மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, ஜெனரேட்டர் போட ஆள் வராததால், அண்ணாச்சியே கடையிலிருந்து ஸ்கூட்டரில் விரைந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு போயிட்டுன்னாங்களே" என்றார் தாழ்ந்த குரலில்.

வாசல் பக்கத்து மேசையில் இருந்த பெண் நிமிராமலே, "ஃபேனுதான் மாமா நின்னுருக்கு" என்றாள்.