ஓடைக்கு அந்தப் பக்கத்து உடல்

1. பொறுப்பேற்ற நாள்

பல்லடம் பக்கம் ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலராகச் சேர்ந்த அன்று, முதல் வேலையாகக் கோப்புகளைப் படித்தேன். எங்களிடம் எரிவாயுத் தகன மேடை இருந்தது, அமரர் ஊர்தி இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பேரூராட்சியில் ஊர்தி இருந்தது, தகன மேடை இல்லை. ஆறு வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எல்லாமே போனில் நடந்திருக்கிறது.

எனக்கு வியர்த்துவிட்டது. வெளியூர் உடல் என்றால் எங்கள் மன்றத் தீர்மானம் கட்டாயம் என்று அன்றே சுற்றறிக்கை எழுதினேன். நல்ல நடையில்தான் எழுதினேன்.

2. மதியம் இரண்டு மணி

நான் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தகன மேடை ஆபரேட்டர் பழனிச்சாமி போன் செய்தார்.

"சார், பாடி வந்திருக்குதுங்க. ஓடைக்கு அந்தப் பக்கமுங்க. கேட்டைத் தொறக்கட்டுங்களா?"

"தீர்மானம் இருக்கா?"

"செத்தவருகிட்ட அதெல்லாம் கேக்க முடியலீங்க."

நேரில் போனேன். இறந்தவர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த டெய்லர். மனைவி செல்லத்தாய் ஊர்தியைப் பிடித்தபடி நின்றிருந்தார். சொந்த ஊரில் எடுத்துச் செய்ய ஆளில்லையாம்.

"பதினஞ்சு வருசம் உங்க ஊரு கம்பெனியிலதான்யா பனியன் தச்சாக. வேலைக்குச் சேர்க்கும்போது எந்தப் பக்கத்து ஆளுன்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

பழனிச்சாமி எங்கோ பார்த்துக்கொண்டு, "ரெண்டு தெரு இந்தப் பக்கம் குடியிருந்திருக்கோணும்" என்றார்.

அந்தப் பக்கத்துச் செயல் அலுவலர் கலைச்செல்வி போனில் வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர்.

"சார், லெட்டர் வாட்ஸ்அப்புல அனுப்பிட்டனுங்க. தீர்மானம் உங்க மன்றத்துல நீங்கதானுங்க வெக்கோணும்."

"அடுத்த கூட்டம் பதினோரு நாள் கழிச்சும்மா."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

ஊர்தி திரும்பியது. திருப்பூருக்குப் போய், வரிசையில் காத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் காரியம் முடிந்தது என்று கேள்விப்பட்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவசரம் என்றால் தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்துவிட்டு, பிறகு மன்றத்தின் பின்னேற்புப் பெறலாம். விதியின் அடுத்த வரியிலேயே இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் மேலதிகாரி ஆய்வுக்கு வந்தபோது, அந்த வழியில்தான் வாசலில் பந்தல் போட்டிருந்தேன்.

3. எங்கள் வீட்டுச் சாவு

மூன்று வாரம் கழித்து எங்கள் தூய்மைப் பணியாளர் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். ஊர்தி வேண்டும். கலைச்செல்வியைக் கூப்பிட எனக்கு முகமில்லை. பார்வையில் கண்ட கடிதம், பொருள் எல்லாம் போட்டு முறைப்படி ஒரு கோரிக்கைக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இரண்டாம் பத்திக்கு வருவதற்குள் பழனிச்சாமி உள்ளே வந்தார்.

"ஊர்தி அவங்க ஊட்டு வாசலுக்கே வந்துருச்சுங்க சார்."

"யார் சொன்னது?"

"நான்தானுங்க. போன் போட்டேன், அந்தம்மா ஒடனே அனுப்பிட்டாங்க."

கலைச்செல்விக்குப் பேசினேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, "லெட்டர் ரெடியாகுதும்மா" என்றுதான் வாயில் வந்தது.

"அதெல்லாம் மெதுவா வரட்டுங்க சார். மொதல்ல ஆக வேண்டியதப் பாருங்க."

அந்தக் குரலில் குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

அடுத்த கூட்டத்தில் இரு பேரூராட்சிகளும் ஊர்தியையும் தகன மேடையையும் பகிர்ந்துகொள்ளத் தீர்மானம் வைத்தேன். ஒரு நிமிடத்தில் நிறைவேறியது. யாரும் படிக்கவே இல்லை. அதன் நகலோடு செல்லத்தாய் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். காலி செய்துகொண்டு போய்விட்டார் என்றார்கள். போன இடம் தெரியவில்லை. இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்து என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதிதாகச் சேரும் செயல் அலுவலர்களுக்கு வழக்கமாகச் சொல்வது, விதியை முழுதாகப் படியுங்கள் என்பது. நான் முழுதாகப் படித்தவன். யாருக்காக அடுத்த வரி வரைக்கும் போகிறோம், யாருக்காக முதல் வரியிலேயே நின்றுவிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். நான் முதல் வரியிலேயே நின்றது செல்லத்தாய்க்கு.