ஆறாவது பறவை

தபால்தலை சேர்ப்பது செலவில்லாத, அமைதியான பொழுதுபோக்கு என்று சொல்கிறவர் யாரும் ஒரு தபால்தலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்ததில்லை. என்னைப்போல் ஆரம்பத்தில் ஏமாந்தவர்களே, இது உங்களுக்கு.

ஐந்நூறு தலை பாக்கெட்

கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, பாலக்கரையில் ஒரு பேனாக் கடையில் 'உலகத் தபால்தலைகள் 500' என்று பாக்கெட் தொங்கியது. வாங்கிவந்து கூடத்தில் கொட்டினேன். நடுவே ஏதோ ஒரு தீவு நாட்டின் பறவைகள் ஐந்து கிடந்தன. என் மனைவி கமலா அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். அந்த வரிசையில் மொத்தம் ஆறு, ஆறாவது மீன்கொத்தி என்பது பாக்கெட் அட்டையின் படத்தில் தெரிந்தது. வரிசையில் விலை கூடிய தலையைப் பாக்கெட்டில் போடமாட்டார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்த மீன்கொத்தி எனக்கு வேணும்" என்றாள். கல்யாணமாகி அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். வாங்கித் தருகிறேன் என்றேன். மிச்சக் குவியலில் பெரும்பாலும் ஒரே ராஜா, ஒரே சிவப்பு. அதை விரலால் கிளறிவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, ஒரே ஆளு மூஞ்சியை இத்தனை தடவை வாங்கிட்டு வந்திருக்கீங்களே, உங்க பக்கத்துச் சொந்தமா?"

கோந்து

தலைகளை நாற்பது பக்க நோட்டில் கோந்து தடவி ஒட்டினேன். முதலில் வாங்க வேண்டியது தலைகளை வைக்கும் ஸ்டாக் புக், அப்புறம்தான் தலை என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. கமலா தன் பறவைகளை மட்டும் என்னிடம் கொடுக்காமல் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கவரில் வைத்திருந்தாள். அவை மட்டுமே பிழைத்தன. பல வருஷமாகச் சேர்க்கும் ஃபிட்டர் ஒருவர் ஃபேக்டரியில் எங்கள் ஷாப்பில் இருந்தார். பெருமையாக நோட்டைக் காட்டினேன். ஒரு தலையை நகத்தால் நெம்பிப் பார்த்தார், வரவில்லை.

"சார், எலெக்ஷன் போஸ்டர்கூட இதைவிடச் சுலபமா உரிஞ்சு வரும்."

பாதி விலை

சில வருஷம் கழித்து, மெயின்கார்டு கேட் பக்கம் நடந்த கண்காட்சியில் மீன்கொத்தி கிடைத்தது. கேட்டலாக் விலையில் பாதி. வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.

கமலா அதை வாங்கி, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பினாள். கிழிசலை மறைக்க மெல்லிய காகிதம் ஒட்டியிருந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது. அவள் கோபிக்கவில்லை. ஆனால் பிறகு வாங்கிய ஸ்டாக் புக்கில் தன் பறவைகளுக்கென்று ஒதுக்கியிருந்த பக்கத்தில் அதை வைக்கவும் விடவில்லை. ஆறாவது இடம் காலியாகவே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

"கத்திரிக்காயைக்கூட நான் திருப்பிப் பாத்துத்தானே வாங்கறேன்? படம் அழகா இருந்தா போதுமா?"

அதன்பின் நான் நிறைய வாங்கினேன், எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தே வாங்கினேன். மீன்கொத்தி மட்டும் அமையவில்லை. அவள் போய் நாலு வருஷமாகிறது.

ஸ்ரீரங்கத்து மண்டபம்

இப்போது இருப்பது ஸ்ரீரங்கத்தில். போன மாதம் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் சேகரிப்பாளர்கள் கூடினோம். எப்போதும் வரும் வியாபாரி பாய், இம்முறை புது ஆல்பம் ஒன்றை விரித்திருந்தார். மூன்றாவது பக்கத்தில் மீன்கொத்தி.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஓரத்துப் பல் ஒன்றும் உடையவில்லை, காகிதத்தில் பழுதில்லை. எது பிடித்தாலும் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற மேஜைகளில் விலை விசாரித்துவிட்டுத்தான் வாங்குவேன். அது என் பழக்கம் என்று பாய்க்கும் தெரியும். அன்று நாற்காலியை விட்டு எழவில்லை. "கவர்ல போட்டுக் குடுங்க பாய்" என்றேன்.

கமலாவை அவர் பார்த்ததில்லை. கவரை நீட்டியவர் சிரித்தார்.

"விலையே கேக்காம எடுக்கற ஆளு இல்லையே நீங்க. வீட்ல யாரோ ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க போல!"

புதிதாகச் சேர்ப்பவர்களே, அவசரப்படாதீர்கள், நாலு இடத்தில் விசாரியுங்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்றுதான் நான் இன்னமும் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன், அந்த மீன்கொத்திக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று மட்டும் யாரும் கேட்காதவரை.